ஈரக் காலும் மினுங்கும் ஓடும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், சம்மாந்துறை)

விழா மலர்களிலே கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர்மார் ஆற்றிய தொண்டும், மொழியின் பெருமையும் இடம்பெறுதல் மரபு. அவற்றை எழுதுதற்கு எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் குளியலறைத் தரை. தமிழாசிரியனுக்கும் குளியலறைத் தரைக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் நகைப்பர் என்பதை அறிவோம். ஆயினும் இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருள் பாதிப் பேராவது இன்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டோ, கட்டியதைப் புதுப்பித்துக்கொண்டோ, மகளுக்குக் கட்டவேண்டிய வீட்டை எண்ணித் துயில் இழந்தோ இருப்பவர் என்பது எம் துணிபு. அவ்வீடுகளில் மிகக் குறைந்த சிந்தனையோடு, ஒரு பிற்பகற் பொழுதிற் கடையில் நின்றபடியே முடிவு செய்யப்படுவது குளியலறைத் தரையே. அம்முடிவின் விளைவை அனுபவிப்போர், அதுபற்றி ஒரு சொல்லும் கேட்கப்படாத முதியோர். இதனாலேயே எழுதத் துணிந்தோம்.

எம் கரையின் வழக்கமொன்றை வெளியூர் வாசகர்க்காகக் கூறவேண்டியுளது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் ஊர்களிலும், சற்று உள்ளே வயல்வெளியின் விளிம்பில் அமைந்த சம்மாந்துறை, வீரமுனை ஆகியவற்றிலும், முஸ்லிம்கள் என்றும் தமிழர் என்றும் வேறுபாடின்றி, மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டிற்கே குடிவருதல் பெருவழக்கு. ஆதலின் மணம் பேசுமுன்னரே வீடு பேசப்படும். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டைத் திருத்திப் பெருக்கி மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பின்னறைக்கோ அதே வளவில் எழுப்பிய சிறு வீட்டுக்கோ ஒதுங்குவர். பெண்மக்கள் மூவர் எனில் வீடும் மூன்று. மத்திய கிழக்கின் வெயிலிலே தகப்பனும் தமையனும் ஈட்டி அனுப்பிய பணம் இவ்வாறே கல்லாகவும் சீமெந்தாகவும் உருமாறி நிற்கின்றது. இவ்வழக்கத்தின் நன்மை தீமையை ஆராய்தல் எம் கருத்தன்று. அது தனியே எழுதப்பட வேண்டிய பொருள். ஈண்டு எமக்கு வேண்டுவது ஒன்றே. இங்கே வீடென்பது வாழுமிடம் மாத்திரமன்று. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும் காட்சிப் பொருளும் ஆகும். அவர்கள் வரும் நாளிற் குளியலறைக் கதவும் திறந்து காட்டப்படும். புதுச் சுவர், உலர்ந்த தரை, ஓட்டிலே விழுந்து கண்ணைப் பறிக்கும் விளக்கொளி! வந்தவர் "மாஷா அல்லாஹ்" என்பர். அன்றேல் "நல்லாய்ச் செய்திருக்கிறீர்கள்" என்பர். அத்தரையில் அவ்வேளை ஒரு துளி நீரும் இல்லை என்பதை எவரும் நினையார்.

நீர் பட்டபின் நிகழ்வது வேறு. வைகறைத் தொழுகைக்கு எழுந்த மூத்தம்மா அரை இருளிற் கால் கழுவச் செல்கின்றார். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முழுகிய அம்மம்மா ஈரச் சேலை காலைத் தடுக்க வெளியே வருகின்றார். முன்பு குளித்தவர் விட்டுச் சென்ற சவர்க்கார நுரை, கண்ணாடி போன்ற ஓட்டின்மேற் கண்ணுக்குத் தெரியாது பரந்து கிடக்கின்றது. ஒரு கணம். அதன் பின் இடுப்பெலும்பு முறிவு, சத்திர சிகிச்சை, மாதக் கணக்கிற் படுக்கை. முன்பு தாமே எழுந்து தாமே சமைத்து உண்டவர், அதன் பிறகு பிறர் கையை எதிர்நோக்கும் நிலைக்கு ஆளாகின்றார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீழ்தலால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 684,000 பேர் உலகெங்கும் உயிர் துறக்கின்றனர். தற்செயற் காயங்களால் நேரும் மரணங்களுள் வீதி விபத்துக்கு அடுத்த நிலையில் வீழ்தலே நிற்கின்றது. அவருள் பெருந்தொகையினர் அறுபது வயதைக் கடந்தோர். எமது நாட்டிலே 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்குப் பன்னிருவர் அவ்வயதைக் கடந்தவராயிருந்தனர். அத்தொகை அதன்பின்னும் பெருகியே வந்துள்ளது.

எம் அயலில் ஒரு வீடு. இரண்டடிக்கு இரண்டடி ஓடு. பாற்கட்டி போன்ற வெண்மை. மூதாட்டி ஒருவர் அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபின், வீட்டார் அத்தரையின்மேல் நெற்சாக்கை விரித்தனர். சாக்கு நனைந்து நாறியபோது துளையிட்ட இறப்பர் விரிப்பை வாங்கிப் போட்டனர். இன்று அக்குளியலறைக்குட் சென்றால் ஓடு எந்நிறம் என்று சொல்ல இயலாது. பெரும் பணம் கொடுத்து வாங்கிய அழகை மேலும் பணம் கொடுத்து மறைத்திருக்கின்றார்கள். இத்தகைய வீடுகள் எமதூரில் ஒன்றிரண்டல்ல.

எமது முன்னோர்க்கு இத்துன்பம் இருந்ததில்லையோ என வினவலாம். இருந்தது, ஆயின் இவ்வளவு இல்லை. அவர்கள் குளித்தது கிணற்றடியில். வாளியால் அள்ளி வார்த்த நீர், நூலை அழுத்திக் கட்டம் போட்ட சொரசொரப்பான சீமெந்துத் தளத்தில் ஓடி, வாழையடிக்கோ தென்னையடிக்கோ போய்ச் சேர்ந்தது. மேலே வெயில், நாற்புறமும் காற்று. அரை நாழிகையில் தளம் காய்ந்துவிடும். மாரியிற் பாசி பிடித்தால் தும்புக்கட்டையும் மணலும் கொண்டு உரைத்து நீக்குவர். இன்று குளியலறை வீட்டுக்குள், படுக்கையறையின் ஓரத்துக்கே வந்துவிட்டது. வசதி என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. நள்ளிரவில் நோயுற்ற முதியவர் முற்றம் கடந்து செல்லவேண்டிய துன்பத்தை அது நீக்கிற்று. ஆனால் வெயிலையும் காற்றையும் வெளியே விட்டுவிட்டு நீரை மாத்திரம் உள்ளே கொணர்ந்தோம். ஐப்பசி தொட்டுத் தை வரை வடகீழ்ப் பருவமழை பொழியும் எமது கரையில், சிறு சாளரம் ஒன்றே உள்ள அவ்வறையின் தரை காய்வதே இல்லை.

இங்கே இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். கடைகளில் எம்முன் விரிக்கப்படும் வண்ணப் புத்தகங்களும், கைப்பேசியில் இளைஞர் காட்டும் படங்களும் பெரும்பாலும் மேனாட்டுக் குளியலறைகளையே காட்டுவன. மேனாட்டார் தொட்டிக்குள்ளோ கண்ணாடித் தடுப்புக்குள்ளோ நின்று குளிப்பர். எஞ்சிய தரை உலர்ந்தே இருக்கும். பிரித்தானியாவில் 1960களிலும் 1970களிலும் குளியலறைக்குக் கம்பளம் விரித்தல் நாகரிகமாயிருந்தது என்றால் அத்தரை எவ்வளவு உலர்ந்தது என்பதை உய்த்துணரலாம். நம் வழக்கம் அதற்கு நேர்மாறு. நாம் வாளியும் கோப்பையும் கொண்டு குளிப்பவர். மலசலகூடத்திலும் நீரையே பயன்படுத்துபவர். நாளைக்கு ஐந்து வேளை கால் கழுவும் வீடுகளும், கால் கழுவாது உள்ளே நுழையாத வீடுகளும் நம்முடையவை. நமது குளியலறை அறை முழுதும் நனைவது. ஆகவே மரப்பலகை போன்ற தளமும், பளிங்கு போன்ற தளமும் அங்கே அழகாயிருப்பதால் இங்கே பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. நம்மைப் போல அறை முழுதும் நனையக் குளிக்கும் யப்பானியர் தம் குளிப்பறைத் தரையை வழுக்காததாகவும் விரைவில் நீர் வடிவதாகவும் அமைத்துக் கொள்வதிற் பெருங் கவனம் செலுத்துகின்றனர். பார்த்தொழுகுவதெனின் அவர்களையே பார்த்தொழுகலாம்.

இனிப் பொருள்களுக்கு வருவோம். முதலிற் சொல். எமதூரிற் பலர் பதிக்கும் ஓடு எதுவாயினும் அதனை 'மாபிள்' என்றே வழங்குவர். 'வீடு முழுக்க மாபிள்' என்றால் சுட்ட மண் ஓடு பதித்திருக்கின்றார்கள் என்பதே பொருள். மெய்யான மாபிள் மலையிலிருந்து வெட்டியெடுக்கும் சலவைக்கல். இரண்டும் ஒரு பெயர் பூண்டதாற் கேடும் விளைகின்றது. அதனைப் பின்னர்க் கூறுவாம். 'ஓடு' என்னும் எம் சொல்லோ பெயராகவும் நிற்கும், ஏவல் வினையாகவும் நிற்கும். மினுங்கும் ஓடு சிறுவனை நோக்கி 'ஓடு' என்கின்றது. தாய் 'ஓடாதே' என்கின்றாள். இலக்கண ஆசிரியனுக்கு இவ்வளவு இடமாவது தருக.

சுட்ட மண் ஓடுகள் யாவும் ஒரு தன்மையின அல்ல. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13006, ஓடு எவ்வளவு நீரை உறிஞ்சுகின்றது என்பதைக் கொண்டே அவற்றை வகுக்கின்றது. தன் நிறையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாதது போசிலேன் எனப்படும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் உறிஞ்சுவது பெரும்பாலும் சுவருக்கென்றே செய்யப்படும் மெல்லிய ஓடு. இரண்டின் முகமும் ஒன்று போலவே வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். ஆதலின் முகத்தைப் பாராது முதுகைப் பார்க்க வேண்டும். ஓட்டைக் கவிழ்த்து முதுகில் ஒரு துளி நீர் விடுக. சுவர் ஓடாயின் அது கண்முன்னே உறிஞ்சி ஈரத்தடம் காட்டும். போசிலேன் ஆயின் துளி துளியாகவே நிற்கும். சுவர் ஓட்டைத் தரையிற் பதித்த வீடுகளை யாம் கண்டதுண்டு. மலிவாகக் கிடைத்தது, நிறமும் பிடித்தது என்பர். வாளி விழுந்த முதல் நாளிலேயே அது வெடிக்கும். வெடிப்பின் வழியே நீர் கீழிறங்கும்.

இலங்கை ஓட்டுத் தொழிலிற் பின்தங்கிய நாடன்று. பொறலஸ்கமுவையிலும் மீற்றியாகொடையிலும் வெண்களியும், நாத்தாண்டிப் பகுதியிற் சிலிக்கா மணலும் எமக்கு இயற்கை தந்த செல்வம். பலாங்கொடையிற் சுவர் ஓட்டுக்கும், றணாலையிலும் எகலியகொடையிலும் தரை ஓட்டுக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2020 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது ஓடும் அப்பட்டியலில் அகப்பட்டது. அக்காலத்தில் வீடு கட்டியோர் கடையில் எஞ்சியிருந்ததை எஞ்சியிருந்த விலைக்கு வாங்கினர். நாட்டோடா பிறநாட்டோடா என்பது ஈண்டு எம் வினாவன்று. இரண்டிலும் வழுக்குவதும் உண்டு, வழுக்காததும் உண்டு.

வழுக்காமையை அளத்தற்கும் அளவுகோல் உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். ஜேர்மனியர் வகுத்த டி.ஐ.என். 51097 என்னும் தரம் வெறுங்காலுக்கு உரியது. சரிவுத் தளமொன்றில் ஓட்டைப் பதித்து, சவர்க்கார நீரைப் பாய்ச்சி, செருப்பில்லாத ஒருவரை அதில் நடக்கவிட்டு, சரிவைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். 12 பாகை வரை வழுக்காது நின்றால் 'ஏ', 18 பாகை வரை நின்றால் 'பி', 24 பாகை வரை நின்றால் 'சி' என்னும் எழுத்து அவ்வோட்டுக்கு வழங்கப்படும். உடை மாற்றும் உலர்ந்த அறைக்கு ஏ போதும். குளிக்கும் இடத்துக்கு பி வேண்டும். நீருள் இறங்கும் படிக்கு சி வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் காட்டுவது 'ஆர் 9', 'ஆர் 10' என்னும் வேறோர் அளவு. அது எண்ணெய் பூசிய சரிவிலே தொழிலாளரின் சப்பாத்துக் காலைக் கொண்டு அளந்தது. தொழிற்சாலைக்கு நன்று. சப்பாத்தோடு குளிப்பவர் எமதூரில் இல்லையாதலின் வெறுங்கால் எழுத்தையே கேட்டு வாங்குதல் வேண்டும். கண்ணாடி போலத் தீட்டிய ஓட்டுப் பெட்டியில் அவ்வெழுத்தைத் தேடிப் பார்ப்பின் பெரும்பாலும் காணக் கிடையாது.

எழுத்தும் இலக்கமும் இல்லாத கடையாயின் அதற்கும் வழியுண்டு. மாதிரி ஓடு ஒன்றை வீட்டுக்குக் கொணர்ந்து, கிணற்றடியில் வைத்து, சவர்க்கார நீர் தெளித்து, வீட்டிலே மூத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை அதன்மேல் வைத்துப் பார்க்கட்டும். அவர் சொல்லுவதே தீர்ப்பு. இவ்வாறு செய்வதைக் கண்டு கடைக்காரர் சிரித்தாற் சிரிக்கட்டும்.

ஓட்டின் பருமனும் கவனிக்கத்தக்கது. இரண்டடி ஓடு இக்காலத்து மோகம்; வரவேற்பறைக்கு அது பொருந்தும். குளியலறையில் ஓரடியும் அதனிற் சிறியதுமே நன்று. ஓடு சிறுக்கச் சிறுக்க மூட்டுகள் பெருகும். மூட்டுத்தோறும் விரலும் குதியும் பற்றிக்கொள்ள இடமுண்டு. மேலும் நீர் வடியும் துளையை நோக்கித் தரை நாற்புறமும் சரியவேண்டுமன்றோ? பெரிய ஓட்டை நாற்புறமும் சரிக்க எந்த மேசனாலும் இயலாது. ஒன்றில் அவர் அதை வெட்டவேண்டும், அன்றேற் சரிவைக் கைவிடவேண்டும். பெரும்பாலார் சரிவையே கைவிடுகின்றனர்.

மெய்யான மாபிளைப் பற்றிச் சில சொல். அது கல்சியம் காபனேற்று. மலசலகூடம் கழுவ நாம் வாங்கும் திரவங்கள் பலவற்றில் ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டு. அமிலம் மாபிளிற் பட்ட இடம் நுரைத்து, மினுக்கம் இழந்து, தழும்பாகிவிடும். 'மாபிளுக்கு இது நல்லது' என்று ஓட்டுக்குப் பயன்படுத்திய போத்தலை மெய் மாபிளின்மேல் ஊற்றியவர் நிலை இரங்கத்தக்கது. பெயர் மயக்கத்தால் விளையும் கேடு என மேலே குறித்தது இதுவே. செட்டிநாட்டு ஆத்தங்குடியிற் கண்ணாடியின்மேல் வார்த்துக் கையாற் செய்யும் பூவேலைச் சீமெந்துக் கற்கள் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. சூளையிற் சுடாத சீமெந்துக்கும் அமிலம் பகையே. ஆதலின் அவற்றைக் கூடத்திற் பதித்து மகிழ்க. கருங்கல் அமிலத்தைத் தாங்கும். அதனையும் மெருகேற்றிப் பளபளப்பாக்கினால் ஈரத்தில் வழுக்கும், சொரசொரப்பாக விட்டால் உறுதியாகக் காலைத் தாங்கும். அநுராதபுரத்துக் குட்டம் பொக்குண என்னும் இரட்டைத் தடாகத்தைக் காணச் சென்ற மாணவர், நீருள் இறங்கும் படிகளெல்லாம் கருங்கல்லாலாயிருப்பதை நினைவுகூர்வர்.

சிவப்புச் சீமெந்துத் தரையை மறந்துவிட்டோம் அல்லோம். தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்குமாறு செய்த அத்தரை, எம் இளமைக்கால வீடுகளின் அழகு. குளியலறைக்கு அந்த மெருகு ஆகாது. அதே சீமெந்தை மெருகிடாது, கரணையால் அழுத்தி, நூற்கட்டம் போட்டு விட்டால், குறைந்த செலவில் அதனினும் பாதுகாப்பான தரை பிறிதில்லை. ஓடு பதியாத குளியலறை வறுமையின் அடையாளம் என்னும் எண்ணத்தை யாம் ஏற்கவில்லை. கடன்பட்டு மினுங்கும் ஓடு பதித்தவனைவிட, கையிருப்புக்கு ஏற்பச் சொரசொரப்பான சீமெந்து இட்டவன் தன் தாயை நன்கு பேணுகின்றான்.

சொரசொரப்பான ஓட்டில் அழுக்குப் பிடிக்கும், தேய்த்துக் கழுவுவது யார் என வீட்டுப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. தரையைத் தேய்ப்பவர் அவர்களே அன்றி, ஓடு தெரிவு செய்யும் ஆண்கள் அல்லர். மணற்தாள் போன்ற முரட்டு ஓட்டை யாமும் பரிந்துரையோம். மினுங்காத, தடவினாற் சற்றே உரசும் மங்கல் முகம் போதும். வாரம் ஒரு முறை சவர்க்காரத் தூளும் தும்புத் தூரிகையும் கொண்டு தேய்த்தால் அது தூய்மையாகவே இருக்கும். எமதூர்க் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர்; கறுப்பு ஓட்டின்மேல் அது காய்ந்து வெண்படலம் விடும், வெள்ளை ஓட்டின் மூட்டுகள் மஞ்சளிக்கும். மணல் நிறம், சாம்பல் நிறம் போன்ற இடைநிறங்களே வேலையைக் குறைப்பன. கண் மங்கிய முதியோர்க்குத் தரையும் சுவரும் வேறு வேறு நிறமாயிருத்தலும், வாயிற்படி தெளிவாகத் தெரிதலும் பேருதவி. மினுக்கம் வேண்டுமெனின் அதைச் சுவருக்கு ஏற்றுக. சுவரின்மேல் நடப்பவர் எவருமில்லை. வந்து பார்ப்போர் கண்ணும் சுவரிலேயே முதலிற் படும்; மாப்பிள்ளை வீட்டார் மனமும் நிறையும்.

இதுவரை ஓட்டின் முகத்தைப் பேசினோம். ஓட்டின் கீழே இருப்பது அதனினும் பெரிது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ நகரை 1920களில் சேர் ஜோன் மார்ஷல் தலைமையில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட பெருங்குளிப்பிடம், ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. செங்கல்லைக் குத்துவாட்டில் நெருக்கிப் பதித்து ஜிப்சச் சாந்தால் இணைத்த அவ்வமைப்பினுள்ளே, நீர் கசியாதபடி நிலக்கீற் பூச்சும் இடப்பட்டிருந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் அறிந்ததை இன்று எம் வீடு கட்டுவோர் பலர் செலவு எனத் தள்ளுகின்றனர். ஓடு நீரைத் தடுக்காது. மூட்டுச் சாந்தின் வழியே நீர் இறங்கியே தீரும். தடுப்பது ஓட்டின் கீழுள்ள நீர்க்காப்புப் பூச்சு. அதைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் பூசி, காய்ந்தபின் வடிதுளையை அடைத்து, ஒருநாள் முழுதும் நீரைத் தேக்கி வைத்து, அடுத்த அறைச் சுவரில் ஈரம் ஊறுகின்றதா எனப் பார்த்த பின்னரே ஓடு பதிக்கவேண்டும். மாடி வீடாயின் இது இன்றியமையாதது.

சரிவை மேசன்மார் வாட்டம் என்பர். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விடின் நீர் தேங்காது. ஆறடி அறைக்கு ஒன்றரை அங்குலம். பதித்து முடிந்தபின் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்து, மூலையில் தேங்கினால் மேசனின் கூலியைக் கொடுக்குமுன்னரே சொல்லுக. போசிலேன் நீரை உறிஞ்சாததால் வெறும் சீமெந்துக் கூழையும் நன்கு பற்றாது. அதற்கென விற்கும் பசைச் சாந்தையே பயன்படுத்தல் வேண்டும். நடுவில் மாத்திரம் ஓர் உருண்டை சாந்து வைத்து ஓட்டை அமுக்கிவிடும் பழக்கம் எமதூரில் உண்டு. அவ்வோட்டின் மூலைகள் வெற்றிடமாகும். நாணயத்தால் தட்டினால் குடம் போல ஒலிக்கும். சில காலத்தில் மூலை உடையும். வயலை நிரப்பி எழுப்பிய புது வளவுகளில் இன்னொரு கேடும் உண்டு. நிரப்பிய மண் இறுகுமுன் தளம் போட்டால், அடுத்த மாரியில் மண் அமிழ, தளம் வெடிக்க, அதன்மேல் எத்தகைய விலையுயர்ந்த ஓடும் இரண்டாகப் பிளக்கும். மண்ணை நீர் விட்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்குதலுக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று.

பழைய குளியலறையைப் புதுப்பிப்போர் பழைய ஓட்டின் மேலேயே புதிய ஓட்டைப் பதிக்கலாமா என எம்மையும் கேட்டிருக்கின்றனர். பதிக்கலாம், ஆயின் தரை உயரும், வாட்டம் குறையும், வாயிலில் நீர் வெளியே வரும், கீழேயுள்ள பழைய கசிவு மறைந்திருந்து வளரும். உடைத்தெடுத்துப் புதிதாகச் செய்தலே எம் தெரிவு. வாங்கும்போது தேவைக்கு மேல் நூற்றுக்குப் பத்து வாங்குக. பெட்டிகளின் மேல் அச்சிட்ட நிறத்தொகுதி இலக்கம் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாயிருக்கின்றதா எனப் பார்க்க. எஞ்சியதை எறியாது பரணில் வைப்பின், பத்தாண்டு கழித்து ஓர் ஓடு உடையும்போது அதே ஓடு கையிலிருக்கும்.

பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை, 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வலுவிழந்தோர்க்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டில் வெளியாயின. வீட்டுக் குளியலறைக்கு அவ்வாறான விதி எதுவும் கட்டாயமில்லை, பள்ளிக்கூடத்துக்கு உண்டு. விழா ஆண்டுகளிலே பழைய மாணவர் சங்கங்கள் தம் கல்லூரிக்கு நினைவுப் பொருளாக ஒன்றைச் செய்ய விரும்புதல் இயல்பு. வளைவும் மணிக்கூட்டுக் கோபுரமும் எங்கும் எழுகின்றன. மாணவர் மலசலகூடங்களையும் விடுதிக் குளிப்பிடத்தையும் புதுப்பிக்க முன்வரும் சங்கம் அரிது. எமது சங்கத்தார் அவ்வாறு எண்ணுவாராயின் யாம் கேட்பது இவ்வளவே. கல்வெட்டிற் பொறிக்கப்படும் பெயர்களுக்கு மெருகேற்றிய கருங்கல்லைத் தாராளமாகப் பயன்படுத்துக. தரைக்கு ஓரடி மங்கல் ஓடு. வேலையை மார்கழி மழைக்குட் தொடங்காது, சித்திரை விடுமுறைக்கு வைக்க. ஓடு வாங்கும் நாளிற் செயற்குழுவினர் மாத்திரம் போகாது, விடுதிச் சமையற்கார மூதாட்டியையும் மாணவர் இருவரையும் உடனழைத்துச் சென்று, ஒரு போத்தல் சவர்க்கார நீரும் கொண்டுபோய், கடை வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றி ஓட்டின்மேல் நிற்கச் செய்க.